பாதி ஏரி

ஆனி பிறந்தால் வேலுசாமிக்குக் கை அரிக்கும். ஆவடி டேங்க் பேக்டரியில் லேத் மெஷின் முன்னால் நின்று நின்றே வயசானவர், குளித்துவிட்டு வந்தாலும் கிரீஸ் வாடை போகாத மனிதர்தான். ஆனாலும் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் களைத்துப்போய் வந்து சேர்கிற ஒரு கடைமடைக் கிராமம். அங்கே ஆனி என்றால் மேட்டூர் அணை திறக்கும், ஆடிப் பதினெட்டுக்கு ஆறு நுங்கும் நுரையுமாக வரும், குறுவை நடுவார்கள். உலகத்தில் நெல் என்று ஒன்று விளைந்தால் அது இந்தக் கணக்கில்தான் விளையும் என்று அவர் திடமாக நம்பினார். ஜப்பான்காரன்கூட மேட்டூர் திறந்த பிறகுதான் நாற்று விடுவான் என்று சொன்னால் தலையாட்டியிருப்பார்.

அப்படிப்பட்டவர், ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கும்போது, சாத்தம்பாக்கத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கினார். திருவேற்காட்டுக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவில், ஒரு ஏரியை நம்பி உட்கார்ந்திருக்கிற சின்ன ஊர் அது. வாங்கியது சாதாரண நிலம் இல்லை. ஏரி மதகுக்கு நேர் கீழே, மதகடி நிலம். மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் அவர் வயலைத்தான் தொடும், அப்புறம்தான் மற்றவர்களுக்குப் போகும்.

அந்த இடத்துக்காகவே வாங்கினார் என்று சொல்ல வேண்டும். அவர் அப்பா காலத்தில், மேல்மடைக்காரர்கள் நட்டு முடித்து, களையும் எடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். சில வருஷம் ஈரமும் தெரியாது. வெறும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துப் பார்த்துத்தான், இருபத்திரண்டு வயசில் அவர் ஆவடிக்கு ரயில் ஏறினார். என்றைக்காவது நிலம் வாங்கினால் தண்ணீர் முதலில் தொடுகிற இடத்தில்தான் வாங்குவேன் என்று அன்றைக்கே மனசில் போட்டு வைத்திருந்தார்.

அவர் மனைவி சுசீலாவுக்கு இந்தக் கதையெல்லாம் மனப்பாடம். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது வீடு. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் திருமுல்லைவாயலிலும் அம்பத்தூரிலும் மனை வாங்கி, கிணறு தோண்டி, வாசலில் முருங்கைக் கிளை நட்டாகிவிட்டது. இவர் போய்ச் சேற்றை வாங்கிவிட்டு வந்திருக்கிறார்.

"ராத்திரி படுக்கறது வரப்புலயா?" என்று கேட்டாள்.

"நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அந்த நெலம் நமக்குச் சோறு போடலைன்னா, வித்துட்டு நீ சொல்ற எடத்துல வீடு கட்டித் தர்றேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியத்தைச் சுசீலா பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் நடந்ததைச் சாத்தம்பாக்கத்தில் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனி பிறந்ததும் வேலுசாமி பேக்டரிக்கு லீவு போட்டார். சொந்த ஊரிலிருந்து குறுவை விதை தருவித்து, மதகுக்கு அடியில் கசிந்துகொண்டிருந்த கொஞ்சம் தண்ணீரில் நாற்றங்கால் அடித்து, பயபக்தியோடு விதைத்தார். ஊர்க்காரர்கள் ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கன்னியம்மாள் என்கிற பெண்மணிதான் வாயைத் திறந்து கேட்டாள். புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போக, ஏரி பாய்கிற ஆயக்கட்டின் கடைசியில் இருந்த மேட்டு நிலத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள்.

"இன்னா சார் பண்றீங்க? ஏரி ரொம்பாம இன்னாத்துக்கு நாத்து?"

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்கம்மா. இன்னும் பத்து இருபது நாள்ல தண்ணி வந்துரும்ல?"

"எங்கேந்து வரும்?"

வேலுசாமி ஆற்றைத் தேடுகிறவர் மாதிரி சுற்றிலும் பார்த்தார். முப்பது வருஷமாக ஆவடியில் இருந்தும், இந்த ஊருக்கு ஆறு எது, அணை எது என்று அவர் யோசித்ததே கிடையாது. ஆறும் இல்லை, அணையும் இல்லை. இங்கே ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடா பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்த மழை ஏரியில் நின்றால், மார்கழியில் நவரைப் பட்டத்து நெல் நட்டு, சித்திரையில் அறுப்பார்கள். ஆடியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு தூறல் போடும். அது நாற்றைப் பிழைக்கவைக்கவும் போதாது, சாகவிடவும் விடாது.

நாற்று பச்சையாய் நின்றது, மஞ்சளானது, காய்ந்தது. ஏரியின் அடியில் கிடந்த மிச்சத் தண்ணீரையாவது திறந்து விடுங்கள் என்று கஜபதியிடம் போய்க் கெஞ்சினார். மதகைத் திறப்பதும் மூடுவதும் ஊரில் கஜபதியின் பொறுப்பு. அந்தத் தண்ணீர் மாடு கன்றுக்கு, அதில் கை வைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கடைசியில் நாற்றும் மாடு கன்றுக்கே போனது. கன்னியம்மாளின் பசு இரண்டு நாள் தஞ்சாவூர்க் குறுவையை ரசித்துத் தின்றது.

அந்த வாரம்தான் பரந்தாமன் மோட்டார் சைக்கிளில் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினார். மனை போட்டு விற்கிற புரோக்கர். ஆளைக் குறை சொல்வதற்கில்லை; பேச்சில் சர்க்கரையும் இருந்தது, கணக்கும் இருந்தது.

"நெல்லு போட்டா ஒரு குடும்பம் சாப்புடும் சார். பிளாட் போட்டா முப்பது குடும்பம் குடியிருக்கும். எது புண்ணியம், நீங்களே சொல்லுங்க."

சுசீலா பரந்தாமனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டாம் வருஷம் அவர் அவசரப்படவில்லை. சூடு கண்ட பூனை. ஆனி போனது, ஆடி போனது, கை அரித்தது, பொறுத்துக்கொண்டார். ஐப்பசியில் பேக்டரி ஷெட்டின் தகரக்கூரையில் மழைச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். சூப்பர்வைசர் முறைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு வழியாகச் சைக்கிள் மிதித்து வந்து ஏரியைப் பார்ப்பார். தண்ணீர் ஏறிக்கொண்டு வந்தது, பிறகு நின்றது. கார்த்திகையில் மேகம் கடலோடு போய்விட்டது. ஏரிக்குள் நட்டிருந்த அளவுக்கல்லில் தண்ணீர் பாதியைத் தாண்டவில்லை.

கார்த்திகை கடைசியில் ஊர் கூடியது. ஏரிக்கரை எல்லையம்மன் கோயில் முன்னால் ஆயக்கட்டுக் குடும்பங்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். வேலுசாமியும் போனார். உள்ளுக்குள் அவருக்குக் கவலை இல்லை என்பதே உண்மை. மதகடி நிலம்! ஏரியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் முதலில் குடிப்பது அவர் வயல்தானே.

கஜபதி எழுந்து நின்றார். "பாதி ஏரி" என்றார், அவ்வளவுதான். கூட்டம் தலையாட்டியது. உடனே இரண்டு பேர் தேங்காய் நார்க் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு மதகடிப் பக்கம் நடந்தார்கள்.

"எங்கே போறாங்க?" என்று வேலுசாமி கேட்டார்.

"ஒங்க நெலத்துக்குத்தான் சார். பங்கு போட."

அப்புறம்தான் விஷயத்தை அவருக்கு விளக்கினார்கள். ஏரி பாதிதான் நிறைந்தால் எல்லா நிலத்துக்கும் தண்ணீர் காணாது. கடைசிவரைக்கும் வாய்க்காலில் விட்டால் பாதித் தண்ணீரை மண்ணே குடித்துவிடும். ஒருத்தருக்கும் கதிர் வராது. அதனால் அந்த வருஷம் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலத்தில் மட்டும்தான் நடவு. ஆனால் அந்த நிலம் அந்தப் போகத்துக்கு எல்லாருக்கும் சொந்தம். யாருக்கு எவ்வளவு நிலம் இருக்கிறதோ அந்த விகிதத்தில் கயிறு போட்டுப் பிரித்து, அவரவர் பங்கில் அவரவர் நட்டு அறுத்துக்கொள்வார்கள். அறுப்பு முடிந்ததும் நிலம் பழையபடி உடையவனுக்கு. தாத்தா முப்பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்.

வேலுசாமிக்குக் காது சூடாகிவிட்டது.

"அது என் பட்டா நெலம்யா! பதிவு பண்ணி வாங்கியிருக்கேன்."

"யாரு இல்லேன்னா?" கஜபதிக்குக் குரல் உயரவே இல்லை. "பட்டா மண்ணுக்குக் குடுத்தாங்க சார். தண்ணிக்கு யாரு குடுத்தாங்க?"

"நான் ஒத்துக்கலைன்னா?"

"ஒண்ணியும் பண்ண மாட்டோம். மதகு ஒங்க வயலாண்டதான் கீது. தொறந்துக்கினு நடுங்க. ரெண்டு ஏக்கருக்குத் தாராளமா காணும்."

அடிப்பார்கள், வைவார்கள் என்று எதிர்பார்த்தவருக்கு இந்தப் பதில் பெரிய தொல்லையாகப் போயிற்று. சண்டை போட்டால் திரும்பச் சண்டை போடலாம். உன் இஷ்டம் என்று விட்டுவிட்டால் என்ன செய்வது? கயிற்றுக்காரர்கள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். வேலுசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து சுசீலாவிடம் கொதித்தார். ஊர்க்காரன்களா, கொள்ளைக்காரன்களா, என் நிலத்தில் கயிறு போடுகிறானாம் என்று நடுக்கூடத்தில் நின்று கத்தினார். சுசீலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அவள் பிறந்ததும் அதே கடைமடையில், அடுத்த ஊர்.

"இப்படியொரு வழக்கம் நம்ம ஊர்ல இருந்திருந்தா, மாமா உங்கள ரயிலேத்தி விட்டிருப்பாங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவள் அவருக்காகவோ ஊருக்காகவோ பேசவில்லை; சும்மா மனசில் பட்டதைக் கேட்டாள். மேல்மடையில் தண்ணீர் ததும்பி வழிகிற வயலை வெறும் வயிற்றோடு கடந்து போன நாட்கள் வேலுசாமிக்கு ஞாபகம் வந்தன. அந்த வயல்காரர்களை அவர் எப்படியெல்லாம் சபித்திருக்கிறார்! இப்போது அந்த வயல்காரன் அவரேதான்.

மறுநாள் காலையில் பேக்டரிக்குப் போகாமல் சாத்தம்பாக்கத்துக்கு மிதித்தார். வாய்க்காலில் கன்னியம்மாள் தனியாக மண்வெட்டியோடு நின்று தூர் வாரிக்கொண்டிருந்தாள். தன் நிலத்துக்குப் போகிற பகுதியில்கூட இல்லை. மதகை ஒட்டி, அவர் வயலுக்குப் போகிற பகுதியில்.

"இது என் வயலுக்குப் போற வாய்க்கால்மா. நீ எதுக்கு வாருறே?"

"யார் வயலுக்குப் போனா இன்னா சார், போறது ஏரித் தண்ணிதானே. எங்க ஊட்டு மொற இன்னிக்கு" என்றாள். கோபமோ குத்தலோ அதில் இல்லை. மண்ணை அள்ளிக் கரையில் போட்டாள்.

வேலுசாமிக்கு வெட்கமாக இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கஜபதி வீட்டு வாசலுக்குப் போய், "கயித்தக் கொண்டாரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். பெருந்தன்மையாகச் செய்தார் என்று சொன்னால் பொய். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார். கயிறு தன் வயலின் குறுக்கே இறங்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தன் நிலத்திலேயே அவர் பங்குக்கு வந்தது ஒரு சின்னத் துண்டு. மீதியில் யார் யாரோ நட்டார்கள். வரப்புக்கு வரப்பு பேச்சும் சிரிப்புமாக அந்த வயல் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சித்திரையில் அறுத்து, திருவேற்காட்டு மில்லில் அரைத்து, மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். சுசீலா அன்றைக்கே உலை வைத்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்த வேலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சோறு நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுசீலா. "ஆவணிவரைக்கும் காணும். அப்புறம்?"

சத்தியத்தை அவள் மறக்கவில்லை. இனி ஒரு போகம்தான் பாக்கி. அடுத்த சித்திரையோடு அவருக்கு ரிட்டயர்மென்ட்.

அந்த வருஷம் எண்பத்தைந்து. மெட்ராஸில் இருந்தவர்கள் அந்தக் கார்த்திகையை மறந்திருக்க மாட்டார்கள். போன வருஷம் கொடுக்காததையும் சேர்த்து வானம் கொட்டியது. பேக்டரிக்குள் முழங்கால் தண்ணீர். செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் பேச்சு. குவார்ட்டர்ஸில் எல்லாரும் அரிசியையும் ரேடியோவையும் பரண் மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, வேலுசாமி மட்டும் ஜன்னலில் நின்று சந்தோஷப்பட்டார். ஏரி நிறைந்திருக்கும். முழு ஏரி! யாரும் கயிறு போட வேண்டாம். இரண்டு ஏக்கரும் அவருக்கே.

மழை விட்டதும் சைக்கிள் போகாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். ஏரி கடல் மாதிரி நின்றது. மதகின் பலகை மட்டும் வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஊரே கூடி மணல் மூட்டையும் வைக்கோல்பிரியும் போட்டு அடைத்து ஏரியைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அடைப்பதற்குள் மதகுவழியே சீறிய தண்ணீர் ஏரிக்குள் இருந்த மணலை எல்லாம் வாரிக்கொண்டு வந்து மதகடி நிலத்தில் கொட்டியிருந்தது. அவர் வயல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வரப்பெல்லாம் மூடி, முழங்கால் உயரத்துக்கு மணல். தண்ணீர் முதலில் தொடுகிற நிலம். வெள்ளமும் அதைத்தானே முதலில் தொடும்?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வேலுசாமி அந்த மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அழுதார் என்று சொல்வதில் தப்பில்லை. காவிரி ஏமாற்றியது, வங்காள விரிகுடாவும் ஏமாற்றிவிட்டது. தனக்கும் நெல்லுக்கும் கொடுப்பினை இல்லை என்று முடிவு கட்டினார். வீட்டுக்குப் போய், "பரந்தாமன வரச் சொல்லிடு" என்றார்.

சுசீலாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. அவர் தலைக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

மார்கழி முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனை அளக்க டேப்போடும் இரண்டு ஆளோடும் பரந்தாமன் சாத்தம்பாக்கம் வந்திருந்தார். வேலுசாமியும் சுசீலாவும் மணல்மேட்டில் நின்றார்கள். பரந்தாமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா சார், கடவுளே மண்ணு ஃபில்லிங் பண்ணிக் குடுத்துட்டார்! லாரி லோடு எவ்வளவு மிச்சம் தெரியுமா? இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் பார்க்கு."

வேலுசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்போது மேட்டுப் பக்கத்திலிருந்து கன்னியம்மாள் வரப்பு வரப்பாகத் தாண்டிக்கொண்டு வந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். கையெல்லாம் சேறு.

"இன்னாண்ணா, இங்க நின்னுகினு கீறீங்க? அங்க நாத்து பறிச்சுப் போட்டு வெயில்ல காயுது. ஒங்க பங்குல யாரு எறங்கறது?"

"என்ன பங்கு?"

"நடவுப் பங்கு."

"எங்கே?"

"எங்க மேட்டுலதான். காலைலயே கயிறு போட்டாச்சு." அவள் அவரையும் பரந்தாமனின் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "மதகடில மண்ணு வுழுந்தா மேட்டுல பங்கு உண்டு. இந்தாண்ட மண்ணு வுழுந்தவங்க எல்லாரும் அங்கதான் நட்டுகினு கீறாங்க."

"எனக்கு யாருமே சொல்லலையேம்மா!"

"இத இன்னான்னு சொல்றது? சோறு துண்றதுக்கு வாயத் தொறக்கணும்னு யாராச்சும் சொல்லித் தருவாங்களா? போன வருசம் ஒங்க நெலத்துல நாங்க நட்டோம். இந்த வருசம் எங்க நெலத்துல நீங்க. அம்மாந்தான்."

போன வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தபோது, தான் தானம் பண்ணுவதாகத்தான் வேலுசாமி நினைத்திருந்தார். அது தானமே இல்லை. வானம் ஒரு வருஷம் பள்ளத்துக்குக் கொடுக்கிறது, ஒரு வருஷம் மேட்டுக்குக் கொடுக்கிறது. எந்த வருஷம் எந்த மண் விளையும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், ஒருத்தன் தன் மண்ணை மட்டும் நம்பினால் பட்டினிதான். அதைக் கண்டுபிடித்துத்தான் இந்த ஊர் கயிறு திரித்து வைத்திருக்கிறது.

அதற்குள் சுசீலா மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேலுசாமி பின்னால் ஓடினார். பரந்தாமனும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.

ஆயக்கட்டின் கடைசி. சாதாரண வருஷங்களில் வெடித்துக் கிடக்கிற நிலத்தில் அன்றைக்கு, மணல் வாரிய வாய்க்காலில் வந்த தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்குப் பளபளத்தது. ஆண்களும் பெண்களுமாக நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் யாரும் காலை வைக்காமல் காலியாக, நாலு பக்கமும் கயிறு கட்டி நின்றது. சுசீலா செருப்பைக் கழற்றினாள். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸ் சிமென்ட் தரையில் நடந்த கால், சேற்றில் இறங்கியதும் தானாகப் பிடிமானம் தேடிக்கொண்டது. கன்னியம்மாள் நாற்றுமுடியை வீசினாள். சுசீலா பிடித்து, பிரித்து, குனிந்து நட்டாள்.

"தஞ்சாவூரு நடவு அழகாத்தான் கீதுக்கா" என்று கன்னியம்மாள் பாராட்டினாள். "ஆனா நெருக்கமா நடறீங்க. இது மேட்டு மண்ணு, கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

வேலுசாமியும் இறங்கினார். பரந்தாமன் வரப்பில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள், அதையும் வாங்கிச் சாப்பிட்டார். பாவம், அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கடைசி நாற்றை ஊன்றிவிட்டுச் சுசீலா நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வயலுக்கு மேற்கே, கன்னியம்மாளுடைய நிலத்திலேயே இன்னும் உயரமாக ஒரு மூலை இருந்தது. முழு ஏரி வருஷத்தில்கூடத் தண்ணீர் ஏறாத மூலை. நெருஞ்சியும் இரண்டு வேப்பமரமும்தான் அங்கே. இவ்வளவு மழைக்கும் அது ஈரம் சுவறி உலர்ந்து கிடந்தது.

"கன்னியம்மா, அந்த மூலைல என்ன போடுவே?"

"அதுல இன்னா போடறதுக்கா? ஒண்ணியும் வராது. ஆடு மேயும்."

"வீடு வருமா?"

கன்னியம்மாளுக்குப் புரியவில்லை. வேலுசாமிக்கும்தான். சுசீலா சேற்றுக் கையால் காட்டினாள்.

"அந்த மூலைய எங்களுக்குக் குடு. அளந்து, அதே அளவுக்கு எங்க மதகடி நெலத்துல உனக்குத் தர்றோம். எங்களுக்கு வீடு மேட்டுல. உனக்கு வயல் பள்ளத்துல. அங்க விழுந்து கெடக்கற மணல வாரிட்டு வந்தா, வீடு கட்ட மணல் வாங்க வேண்டியதில்ல. மணல வாரினா வயலும் கெடச்சுரும்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்ன பாக்கறீங்க? நீங்க பண்ண சத்தியத்துல வீடும் இருக்கு, சோறும் இருக்கு. ரெண்டையும் நான் விடப்போறதில்ல."

கஜபதி நடவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "பரிவர்த்தனைப் பத்திரம்னு போட்டுக்கலாம்மா. பூந்தமல்லில பண்ணுவாங்க" என்றார் அவர். பரந்தாமன் பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, பத்திரம் எழுதத் தனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னார். புரோக்கர் என்றால் கல்நெஞ்சம் என்று யார் சொன்னது?

கன்னியம்மாள் மதகுப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாய்க்காலைத் தூர் வாரியிருக்கிறாள். தண்ணீர் தன் நிலத்துக்கு வந்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலுசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அதே முகத்தை அவர் அப்பா உட்கார்ந்திருந்த வாய்க்கால் கரையில் நிறைய நாள் பார்த்திருக்கிறார். அதில் ஆசை இப்படி எட்டிப் பார்த்து மட்டும் அவர் பார்த்ததில்லை.

"மதகடிலயா?" என்று கேட்டாள் கடைசியில். "எனக்கா?"

"உனக்குத்தான் தங்கச்சி" என்றார் வேலுசாமி. "தண்ணி மொதல்ல உன் வயலத்தான் தொடும்."

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சேறுதான் அப்பிக்கொண்டது. பிறகு சந்தேகமாகக் கஜபதியைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பால பாதி ஏரி வந்தா, என் நெலத்துல கயிறு போடுவீங்களா?"

வயல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது வேலுசாமிதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னியம்மாள் மட்டும் சிரிக்காமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பதில் வரட்டும் என்று நின்றாள்.